சபைக்குச் சாமான் கொடுக்கப் போகிறீர்களா?

‘கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் தெளிவாகக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பவும்.’ வருடக் கடைசியில் வீரகேசரியையோ தினகரனையோ புரட்டும்போது இந்த வாசகம் கண்ணில் பட்டிருக்கும். சபைக்குப் பொருள் கொடுப்பவர்களைப் பதிவு செய்யக் கூப்பிடும் அறிவித்தல் அது. மேலே ஏதாவது ஒரு பிரதேச சபையின் பெயர், கீழே செயலாளரின் பெயர், நடுவில் சின்ன எழுத்தில் நீளமான பட்டியல்: காகிதாதிகள், மின் உபகரணங்கள், டயர், வாகன உதிரிப்பாகங்கள், கட்டடப் பொருட்கள், அச்சுவேலை, கூடாரம் கதிரை வாடகை. கடை வைத்திருக்கும் பலர் அதை வாசிப்பதே இல்லை. ‘அதெல்லாம் அவங்கட ஆக்களுக்குத்தான்’ என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

நானும் திருப்பியவன்தான். களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தேன். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல். சீசன் முடிந்தால் மெஷின் சும்மா கிடக்கும். ஒருநாள் பக்கத்துச் சபையிலிருந்து பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிக்க விலை கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதிலிருந்து பல வருடம் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. நீங்கள் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யப் போகும் இடம் செயலகம். அது கச்சேரியோடு சேர்ந்த அரச நிர்வாகம். தெருவிளக்குப் போடுவது, குப்பை அள்ளுவது, நூலகம் நடத்துவது, உள்ளூர் வீதியைப் பார்ப்பதெல்லாம் சபையின் வேலை. இரண்டும் தனித்தனியாகத்தான் பொருள் வாங்குகின்றன, வழங்குநர்களையும் தனித்தனியாகத்தான் பதிகின்றன. ஒன்றில் பதிந்துவிட்டு மற்றதிலிருந்து கடிதம் வரவில்லையே என்று காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

சபைகள் எத்தனை என்று பாருங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் நகர சபைகள், வாகரையிலிருந்து வெல்லாவெளி வரை ஒன்பது பிரதேச சபைகள். தெற்கே அம்பாறைப் பக்கம் போனால் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாநகர சபைகள். நாவிதன்வெளி, காரைதீவு, நிந்தவூர், ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில் என்று பிரதேச சபைகள் வரிசையாக இருக்கின்றன. களுவாஞ்சிகுடியில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவரும் வருடம் முழுக்க ஏதாவது வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

என்ன வாங்குவார்கள்? டெண்டர் என்றதும் எங்கள் ஊரில் கொந்தராத்துக்காரரும் கொங்கிரீட் வீதியும்தான் ஞாபகத்துக்கு வரும், இல்லாவிட்டால் சந்தைக் குத்தகை. குத்தகை என்பது இதற்கு நேர்எதிர்: அங்கே சபைக்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள், கூடக் கேட்டவருக்குப் போகும். இங்கே பேசுவது சபை உங்களுக்குக் காசு தருவதைப் பற்றி. தும்புத்தடி, கையுறை, பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டிக்கு டயர், டிரக்டர் திருத்தம், எல்ஈடி தெருவிளக்கு, நூலகத்துக்குப் புத்தகம், கூட்டத்துக்குச் சிற்றுண்டி, போட்டோக்கொப்பி மெஷினுக்கு டோனர், கணினி திருத்தம், கிரவல், ஹியூம் குழாய். மாரியில் வடிகான் வெட்ட பெக்கோ வாடகைக்குத் தேவை. கோடையில் படுவான்கரைக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பவுசருக்கு டயரும் பம்பும் தேவை. இவற்றுள் பாதிக்கு மேல் ஒரு சாதாரண ஊர்க் கடையால் கொடுக்கக்கூடியவை.

சரி, அப்படியென்றால் ஏன் இவ்வளவு சடங்கு? கடைக்கு வந்து கேட்டு வாங்கிப் போனால் என்ன? விடயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சபைச் செயலாளர் தன் சொந்தக் காசில் வாங்கவில்லை. வீடு, கட்டடங்களுக்கான சோலை வரியைக் கட்டியவரின் காசில் வாங்குகிறார். இன்று வாங்கிய ஒரு மின்குமிழுக்கு, அவர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகும் கணக்காய்வாளர் வந்து கேள்வி கேட்பார்: ஏன் இவரிடம் வாங்கினீர்கள், வேறு யாரிடம் விலை கேட்டீர்கள், குமிழ் களஞ்சியத்துக்கு வந்ததற்கு என்ன சாட்சி? ஒவ்வொரு கேள்விக்கும் கோப்பில் ஒரு கடதாசி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காசை அதிகாரியே கட்டவேண்டி வரலாம். ஆகவே சபைக்கு நீங்கள் விற்பது குமிழை மட்டுமல்ல, அந்தக் குமிழுக்கான கடதாசிகளையும்தான். இது பிடிபட்ட பிறகு படிவங்கள் எரிச்சல் தருவது பாதியாகக் குறைந்துவிட்டது.

‘உறுப்பினரைத் தெரிந்தால்தான் வேலை நடக்கும்’ என்கிற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். அப்போதும் குப்பை வண்டி ஓடியது, டயர் மாற்றினார்கள், பற்றுச்சீட்டுப் புத்தகம் அடித்தார்கள். விலைமனுவைப் பார்ப்பது அதிகாரிகளைக் கொண்ட மதிப்பீட்டுக் குழு, முடிவெடுப்பது பெறுகைக் குழு (பெறுகை என்றால் அரச கொள்வனவு). சபை உறுப்பினர் ஒருவர் தன் சபையுடனேயே ஒப்பந்தம் வைத்திருப்பது சட்டப்படி அவருடைய பதவிக்கே ஆபத்து. சிபாரிசே நடப்பதில்லை என்று சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, சிபாரிசு இல்லாமல் தோற்றவர்களைவிட ஒப்பம் இல்லாமல் தோற்றவர்கள்தான் அதிகம்.

பதிவுக்கு வருவோம். சபையின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. அதனால் அடுத்த வருட வழங்குநர் பதிவுக்கான அறிவித்தல் வருடத்தின் கடைசி மாதங்களில் வரும். பத்திரிகையில் தவறினாலும் சபையின் அறிவித்தல் பலகையில் தொங்கும். வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதி, சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு விபரம், வரிப் பதிவு இருந்தால் அதன் இலக்கம், பதிவுக் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு, பெரும்பாலும் இவைதான் கேட்பார்கள். கட்டணம் ஒவ்வொரு வகைக்கும் தனி. ஆசைப்பட்டு எட்டு வகைக்குப் பதியாதீர்கள். அச்சகக்காரன் டயருக்கும் பதிந்தால், டயருக்கு விலை கேட்டுக் கடிதம் வரும். பதில் போடாமல் விட்டுக்கொண்டே இருந்தால் ‘இவர் பதில் தராதவர்’ என்ற பெயர்தான் மிஞ்சும். இன்னொன்று: வியாபாரப் பதிவில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். பதிவு ‘ஶ்ரீ’ என்றும் கணக்கு ‘ஸ்ரீ’ என்றும் இருந்து, காசோலை திரும்பிய கதை எங்கள் ஊரிலேயே உண்டு.

கட்டட வேலைக்கு இது போதாது. அதற்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தரப்பதிவு வேண்டும். சின்ன வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கொடுப்பார்கள். வன்பொருள் கடைக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: வேலை சங்கத்துக்குப் போனாலும் சீமெந்தும் கம்பியும் யாரோ ஒரு கடையிலிருந்துதான் போகும். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தமென்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

சபை வாங்கும் வழிகளில் புதியவருக்கு அதிகம் எதிர்ப்படுவது இரண்டு. சின்னத் தொகையென்றால், பதிந்தவர்களுக்குக் கடிதம் அனுப்பிக் குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேட்பார்கள். இதுதான் விலைமனுக் கோரல். தொகை கூடினால் பகிரங்கக் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர்: பத்திரிகை விளம்பரம், பணம் கட்டி ஆவணம் எடுப்பது, பிணை வைப்பது என்று நீளும். எந்தத் தொகைக்கு எந்த வழி என்பது பெறுகை வழிகாட்டியில் இருக்கிறது. தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டி 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்ததால், 2006ஆம் ஆண்டுப் பழைய வழிகாட்டியை மனப்பாடமாக வைத்திருப்பவர் சொல்வதை அப்படியே நம்பாமல் சபையின் கணக்குப் பகுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம், புயல் மாதிரி அவசரத்தில் வாங்குவதற்குத் தனி விதிகள் உண்டு. கார்த்திகை மார்கழியில் ராத்திரியோடு ராத்திரியாக பெக்கோவைக் கூப்பிடுவது அப்படித்தான். ஆனால் அப்போதும் முதலில் நினைவுக்கு வருவது பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர்தான்.

இனி விலைமனு நிரப்புவது. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் விழுந்த இடமும் இதுதான்.

அது என் இரண்டாவது விலைமனு. புத்தகமொன்றுக்கு 285 ரூபா எழுதியிருந்தேன். ராத்திரி யோசித்துப் பார்த்ததில் கூடிப்போச்சு என்று பட்டது. வெள்ளை மை தடவி, காய்ந்ததும் மேலே 265 என்று எழுதினேன். உறையை ஒட்டி, சீல் அடித்து, காலையில் சபைக்குக் கொண்டுபோய்ச் செயலாளரின் அறைக்கு வெளியே இருந்த பூட்டுப் போட்ட பெட்டிக்குள் நானே போட்டேன். திறக்கும்போது என்னுடையதுதான் ஆகக் குறைந்த விலை. ஆனால் வேலை மற்றவருக்குப் போனது. பிறகு போய்க் கேட்டபோது, எழுதுவினைஞர் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். வெள்ளை மைக்குக் கீழே 285 மங்கலாகத் தெரிந்தது.

“தம்பி, விலை சரி. இந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில உங்கட ஒப்பம் எங்க? நாளைக்கு ஓடிட்காரன் வந்து, பெட்டி திறந்த பிறகு நான்தான் மாத்தினேன் எண்டு சொன்னா?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. வெள்ளை மை தொடவே கூடாது. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் எழுதி, ஒப்பம் வைத்து முத்திரையும் குத்தவேண்டும். தனி விலையும் மொத்தமும் பொருந்தாவிட்டால் தனி விலையைத்தான் எடுப்பார்கள். அதனால் பெருக்கலை இரண்டு தடவை பாருங்கள். இலக்கத்தில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக இருந்தால் எழுத்தில் இருப்பதுதான் செல்லும். நீங்கள் வற் வரிக்குப் பதிந்தவரானால் அந்த வரித்தொகையைத் தனியாகக் காட்டுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், ‘உள்ளடங்கலாக’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் லாபத்தை அதுவே விழுங்கிவிடும். பதியாதவர் வற் வரியை வாங்கவே கூடாது.

விலையைவிட முக்கியம் விவரக்குறிப்பு. தெருவிளக்குக்கு ‘30 வாட், ஐபி 65, இரண்டு வருட உத்தரவாதம்’ என்று கேட்டிருப்பார்கள் என்று வையுங்கள். நீங்கள் ‘நல்ல எல்ஈடி விளக்கு’ என்று எழுதி விலையை மட்டும் போட்டால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். ஐபி 65 என்றால் தூசி உள்ளே போகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் போகாது என்று பொருள். கல்லடிக் கடற்கரையில் உப்புக் காற்றும் மார்கழி மழையும் அடிக்கிற கம்பத்தில் அது இல்லாத விளக்கு எத்தனை நாளைக்கு நிற்கும்? கேட்ட ஒவ்வொன்றுக்கும் நேரே நீங்கள் தரப்போவதை எழுதுங்கள், கம்பனியின் விபரத்தாளை இணையுங்கள். கேட்டதற்குச் சமமான வேறு பிராண்டைக் கொடுக்கலாம், ஆனால் சமம் என்று காட்டவேண்டியது நீங்கள். குறைந்த விலைக்காரருக்கே வேலை என்று சொல்வது அரைகுறை உண்மை. நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுக்குள் மதிப்பிட்ட விலை குறைந்தவருக்குத்தான் வேலை. முதல் சல்லடையில் விழுந்தவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எண்ணிக்கையில் வராது.

நேரம் பற்றி ஒரு சொல். முடிவு நேரம் பிற்பகல் 2 மணி என்றால் 2.05க்கு வந்த உறையைத் திறக்காமலே திருப்பிவிடுவார்கள். கெஞ்சிப் பயனில்லை. எங்கள் பக்கம் பஸ் வரும் நேரத்தை நம்பிக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

பெட்டி திறக்கும்போது போய் இருங்கள். கேள்விப்பத்திரம் போட்டவர்களின் முன்னிலையில்தான் திறந்து பெயரையும் விலையையும் வாசிப்பார்கள். பெரும்பாலானவர்கள் போவதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய் ஒவ்வொருவருடைய விலையையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்முனைக்காரர் என்ன விலை, செங்கலடிக்காரர் என்ன விலை, கொழும்பிலிருந்து போட்டவர் என்ன விலை, எல்லாம் இலவசமாகத் தெரியவரும். என்னுடைய அந்தக் கொப்பி மூன்று வருடத்தில் நிரம்பியது. அதற்குப் பிறகு நான் குத்துமதிப்பில் விலை போடவில்லை.

வேலை கிடைத்தது என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் சாமான் ஏற்றாதீர்கள். எழுத்தில் கொள்வனவுக் கட்டளை கையில் வரவேண்டும். கட்டளை இல்லாமல் கொடுத்த சாமானுக்குக் கோப்பு இல்லை, கோப்பு இல்லாததற்குக் காசும் இல்லை. கொண்டுபோய் இறக்கும்போது களஞ்சியப் பொறுப்பாளரிடம் எண்ணிக் கொடுத்து, ஒப்பத்தோடு ஒரு பிரதி வாங்குங்கள். அவர் கூட்டத்தில் இருக்கிறார், வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று யாராவது சொன்னால் மரத்தடியில் இருந்து காத்திருப்பது நல்லது.

இனிக் காசு. புதியவர்கள் முறிந்துபோகிற இடம் இதுதான். சபையின் வருமானம் சோலை வரி, கடை வாடகை, அனுமதிக் கட்டணம், மாகாணத்தின் ஊடாக வரும் முத்திரைத் தீர்வை என்று துளித்துளியாக வருவது. கட்டளை, விலைப்பட்டியல், பொருள் பெற்ற குறிப்பு எல்லாம் சேர்ந்து வவுச்சராகி, சான்றுபடுத்தி, காசோலையாக வெளியே வர நாள் பிடிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 புத்தகம் அடிக்க உங்களுக்குச் செலவு ஒன்றுக்கு 240 ரூபா, மொத்தம் 120,000. 260க்குக் கொடுக்கிறீர்கள், கையில் மிஞ்சுவது 10,000. அந்த 120,000ஐ மாதம் 2 வீத வட்டிக்கு எடுத்து, காசு மூன்று மாதம் கழித்து வந்தால் வட்டி மட்டும் 7,200. மிச்சம் 2,800. அதில் சாமான் ஏற்றிய கூலியையும் கழியுங்கள். ஆகவே விலை போடும்போதே தாமதத்துக்கும் ஒரு விலை போடவேண்டும். கைக்காசு சுழலக்கூடிய அளவுக்கு மேல் கட்டளை எடுக்கவும் கூடாது.

விலை செல்லுபடியாகும் காலமும் அப்படித்தான். 2022இன் தொடக்கத்தில் ஒரு சபைக்கு, அந்த வருடம் முழுவதற்கும் ஒரே விலை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மார்ச்சில் ரூபா சரிந்தது. டொலர் 200 சொச்சத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த காலம் அது. நான் ஒப்புக்கொண்ட விலைக்குத் தாள்கூட வாங்க முடியவில்லை. மூன்று கடிதம் எழுதினேன், ‘நிபந்தனைப்படி’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. கொடுக்காமல் விட்டால் கறுப்புப் பட்டியல் என்ற பயம். கொடுத்தேன், நட்டப்பட்டேன். அதிலிருந்து இறக்குமதியை நம்பியிருக்கும் எந்தப் பொருளுக்கும் 60 நாளுக்கு மேல் விலையைக் கட்டிவைப்பதில்லை. அதைவிடக் கூடுதலான காலம் கேட்டால் அந்தக் கேள்விப்பத்திரத்துக்கு விலை போடுவதே இல்லை.

தோற்றால் ஏன் என்று கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். யாராவது மேசைக்குக் கீழே கை நீட்டினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கொடுப்பவரும் குற்றவாளிதான் என்பதை மறக்கவேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது? உங்கள் கடைக்குக் கிட்டிய இரண்டு சபைகளில், நீங்கள் நன்றாகச் செய்யக்கூடிய ஒரே ஒரு வகைக்குப் பதியுங்கள். அரசின் புரொமிஸ் மின்பெறுகைத் தளத்திலும் ஒரு கணக்குத் திறந்து வையுங்கள், பெரிய கேள்விப்பத்திரங்களைப் பார்த்துப் பழகுவதற்கு உதவும். முதல் கட்டளை ஐந்நூறு தும்புத்தடியாக இருக்கலாம், இருபது டோனராக இருக்கலாம். காசு வந்த பிறகும் அந்தக் கட்டளையின் பிரதியை வீசிவிடாமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த கேள்விப்பத்திரத்தில் ‘முன் அனுபவம்’ என்றொரு கட்டம் வரும், அங்கே இணைக்க உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.